கட்டையில் நின்ற வண்டி

இப்போதெல்லாம் காரில் ஏறி உட்கார்ந்தால் கீழே ரோடு இருப்பதே தெரிவதில்லை. பேரன் ஓட்டுகிறான், நான் தூங்கிவிடுகிறேன். நம் வயதுக்காரர்களுக்குத்தான் தெரியும், அந்தக் காலத்தில் பின் சீட்டில் உட்கார்ந்து ஊர் போய்ச் சேர்வது எப்படி இருந்தது என்று. வீட்டுக்கு வந்த பிறகும் ராத்திரி பாயில் படுத்தால் உடம்பு ஆடிக்கொண்டே இருக்கும்.

எங்கள் வீட்டில் ஒரு கறுப்புக் கார் இருந்தது. யுத்தம் முடிந்து சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடம் நைனா வாங்கியது. ராயபுரத்துப் பிள்ளைகள் நிறையப் பேரைப் போல நானும் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிட்டேன். நைனா கப்பல் துபாஷி. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குக் காய்கறி, முட்டை, ஆட்டுக்கறி, ஐஸ் எல்லாம் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் தொழில். காலையில் வெள்ளைக் கால்சட்டையும் தொப்பியுமாகப் புறப்படுவார். பத்து இங்கிலீஷ் வார்த்தைகளை வைத்துக்கொண்டு எந்தக் கப்பல் தலைவனையும் சிரிக்கவைத்துவிடுவார் என்று எங்கள் டிரைவர் பெருமையாகச் சொல்வார்.

அதனால் எங்கள் கார் பேருக்குத்தான் குடும்பக் கார். வாரம் முழுக்கப் பின் சீட்டைக் கழற்றிப்போட்டு அதில் உருளைக்கிழங்கு மூட்டையும் வெங்காய மூட்டையும் ஏற்றினார்கள். கோணியில் சுற்றிய ஐஸ் பாளம் உருகி ஒழுகிக்கொண்டே போகும். ஞாயிற்றுக்கிழமை சீட்டை மறுபடி மாட்டி, துப்பட்டி விரித்து, என்னை உட்காரவைப்பார்கள். எவ்வளவு கழுவினாலும் வெங்காய வாசனை போகாது. இன்றைக்கும் எங்காவது மண்டிக்கடை வழியாகப் போனால் எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்துவிடுகிறது.

இத்தனை பாரம் இழுத்ததில் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்துபோயிற்று. அந்தக் காலத்து வண்டிகளில் பின் சக்கரத்துக்கு மேலே இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வில்போல வளைத்து மாட்டியிருப்பார்கள். கமான் பட்டை என்போம். வண்டியின் குலுக்கலை வாங்கிக்கொள்வது அதுதான். எங்கள் வண்டியின் கமானில் வளைவே இல்லாமல் போய்விட்டது. முனையில் இருந்த பித்தளை புஷ் வளையங்களும் தேய்ந்து, ஓடும்போது கீச்சுக் கீச்சென்று சத்தம் போடும். தூரத்தில் நின்று பார்த்தால் குத்தவைத்து உட்கார்ந்த நாய் மாதிரி இருக்கும் அந்தக் கார்.

அந்த வருஷம் தீபாவளிக்கு முன்பே அம்மாவைத் தாம்பரம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது, வீட்டுக்கு ஒரே பெண். "அம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல" என்பதற்கு மேல் எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. நுரையீரலில் வந்த நோய் அது. வீட்டில் யாரும் அதன் பேரை வாயால் சொல்ல மாட்டார்கள். நைனாவின் அக்கா, என் அத்தை, புருஷன் இறந்த பிறகு எங்களோடுதான் இருந்தாள். அவள்தான் சமைத்தாள், என் தலையை வாரிவிட்டாள். அம்மாவின் தட்டு, டம்ளர், தலையணை எல்லாவற்றையும் ஒருநாள் சந்தின் கோடிக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்து குளித்தாள்.

ஞாயிறுதோறும் தாம்பரம் போவோம். பிள்ளைகளை உள்ளே விட மாட்டார்கள். வெளிக் கேட்டருகே வேப்பமரத்தடியில் வண்டி நிற்கும். நைனா மட்டும் ஆரஞ்சுப் பழங்களோடு உள்ளே போவார். கொஞ்ச நேரத்தில் தூரத்தில் நீள வராந்தாவின் கடைசியில் அம்மா வந்து நிற்பாள். சாம்பல் நிறச் சால்வை போர்த்தியிருப்பாள். கையைத் தூக்குவாள். நானும் வண்டி ஜன்னலிலிருந்து கையைத் தூக்குவேன். அவள் வாய் அசையும். என்ன சொல்கிறாள் என்று கேட்காது. நான் தலையை மட்டும் ஆட்டுவேன். டிரைவர் வேர்க்கடலைப் பொட்டலம் வாங்கிவந்து என் மடியில் வைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளிப்போய் நின்று பீடி பற்றவைப்பார். அவரை நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம். வண்ணாரப்பேட்டைக்காரர். நான் அழுதால் அதைத் தான் பார்த்துவிடக் கூடாதே என்றுதான் அவர் தள்ளி நின்றிருக்கிறார். அது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் புரிந்தது.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிறு. திரும்பி வந்துகொண்டிருந்தோம். ராயபுரம் ரயில்வே கேட்டில் தண்டவாளத்தைத் தாண்டும்போது அடியில் டணால் என்று சத்தம் கேட்டது. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, நான் கதவில் போய் முட்டிக்கொண்டேன். பாய் இறங்கி, குனிந்து அடியில் பார்த்தார்.

"பூட்ச்சி மொதலாளி. மெயின் பட்டை ரெண்டாயிட்ச்சி."

"வூடு வரைக்கும் போவுமா?"

"இப்டியே போனா டயரு கிழிஞ்சிடும். முட்டு குடுத்துக் கட்டிக்கினு மெள்ளப் போவலாம்."

பக்கத்து விறகுத் தொட்டியிலிருந்து ஒரு சவுக்குக் கட்டை வாங்கிவந்து, சட்டத்துக்கும் அச்சுக்கும் நடுவில் செருகி, கயிறு போட்டுக் கட்டினார். மாடு நடக்கும் வேகத்தில் வீடு வந்து சேர்ந்தோம். சந்தில் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள்.

அன்றைக்குச் சாப்பிடும்போதுதான் நைனா அத்தையிடம் சொன்னார். "அடுத்த மாசம் வூட்டுக்கு இட்டுக்கினு போலாம்னு டாக்டர் சொல்ட்டாரு. கொஞ்ச நாளு தனியா ஒரு ரூம்ல வெச்சிக்கினா போதுமாம். பயம் இல்லியாம். ஆனா வழியில குலுக்கல் ஆவாதாம்."

அத்தை சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள். "கொழந்த கீற வூடுடா இது."

"தெரியும்க்கா."

"எந்த ரூம்ல வெப்ப? அந்தப் பின்கட்டு ரூம்லயா?"

நைனா கையைக் கழுவப் போனார். திரும்பி வந்து, "வண்டி ரெடியானதும் இட்டாந்துடலாம்" என்றார். எனக்குக் காதில் விழுந்தது அது ஒன்றுதான். சந்தோஷத்தில் அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் பாய் பின் சக்கரங்களைக் கழற்றி, வண்டியைத் தடிக் கட்டைகளின்மேல் ஏற்றி நிறுத்தினார். வீட்டுக்குப் பக்கவாட்டில், முருங்கைமரத்தடியில் இருந்த காலி இடம்தான் வண்டி நிறுத்துமிடம். துறைமுகத்துக்குச் சரக்கு கைவண்டியில் போகத் தொடங்கியது. நைனா தாம்பரத்துக்கு ரயிலில் தனியாகப் போனார். ஒரு வாரம் போவார், ஒரு வாரம் கப்பல் வேலை என்று போக மாட்டார். என்னை அழைத்துப்போகவில்லை. கை தூக்கிக் காட்டுவதுகூட நின்றுபோயிற்று.

பள்ளிக்கூடம் விட்டதும் நான் போய் அந்தக் காரின் பின் சீட்டில் உட்கார்ந்துகொள்வேன். கட்டைமேல் நின்றதால் வண்டி இப்போது உயரமாக இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் மதில் சுவருக்கு மேலே கிரேன்களின் தலையும் கப்பல் புகைக்கூண்டுகளும் தெரியும். ரயில்வே யார்டில் கூட்ஸ் வண்டிகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் சத்தம் தொடர்ந்து வரும். மீன்காரிகள் காசிமேட்டிலிருந்து கூடையோடு பேசிக்கொண்டே போவார்கள். வண்டிக்கு அடியில் அத்தையின் கோழி ஒன்று அடைகாத்தது. அது குஞ்சு பொரித்து, குஞ்சுகள் வெளியே வந்து மேயவும் தொடங்கிவிட்டன. வண்டி அப்படியே இருந்தது.

பாய்க்குப் பொறுக்கவில்லை. அவருக்குத் தெரிந்த பட்டறை ஒன்று திருவொற்றியூரில் இருந்தது. நைனாவிடம் கேட்டு, கழற்றிய பட்டைகளை ஒரு ஜட்காவில் போட்டுக்கொண்டு புறப்பட்டார். லீவு நாள், நானும் தொற்றிக்கொண்டேன். கடல் ஓரமாகவே போகும் அந்த ரோட்டில் ஜட்கா குலுங்கிய குலுக்கலில் பட்டைகள் ஒன்றோடொன்று மோதிக் கணகணவென்றன. தீப்பெட்டி ஃபாக்டரியின் சங்கு ஊதியது. குதிரை காதை நிமிர்த்தியது.

பட்டறைக்காரர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே பட்டைகளைப் பரப்பிப் பார்த்தார். "லாரி பட்டை ஒண்ணு கீது பாய். அத்த வெட்டி மெயின் பட்டை பண்ணிர்றேன். மத்ததெல்லாம் காய்ச்சி வளச்சா போதும். எத்தினி மூட்ட வேணா ஏத்து, தாங்கும்."

"மூட்டைய வுடு மேஸ்திரி. குலுங்கக் கூடாது. ஒடம்பு முடியாதவங்க வராங்க."

"யாரு?"

பாய் என்னைக் காட்டினார். "பாப்பாவோட அம்மா."

பட்டறைக்காரர் என்னை ஒருமுறை பார்த்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "அப்ப ரெண்டு பட்டைய கொறச்சிடறேன். நல்லா மெத்துனு போவும். ஆனா பாரம் ஏத்துனா பழையபடி குந்திக்கும், சொல்லிட்டேன்."

நிலக்கரி உலையில் பட்டை சிவந்து, பிறகு ஆரஞ்சுப் பழத்தின் நிறத்துக்கு வந்தது. அதை எடுத்து அடித்து வளைத்து எண்ணெய்த் தொட்டியில் அமிழ்த்தியபோது எழுந்த புகையில் என் கண் எரிந்தது. நான் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா வருவதற்கான வேலை என் கண் எதிரில் நடக்கிறது என்று நினைத்தேன். அந்தப் பருவத்தில் நான் தனியாக இல்லை என்று தோன்றிய ஒரே நாள் அது.

சில நாளில் பட்டைகள் வந்து சேர்ந்தன. கறுத்து, அழகாக வளைந்து, கிரீஸ் பூசி, கோணியில் சுற்றித் தாழ்வாரத்தில் கிடந்தன. நைனா துறைமுகத்திலிருந்து வந்து, கோணியைப் பிரித்துப் பார்த்தார்.

"மூட்ட ஏத்த முடியாதாமே?"

"ஏத்த வேணாம் மொதலாளி. அம்மா வர்ற வரைக்கும்..."

"நம்ம தொழிலுக்கு ஆவாது பாய். சீமைல புதுப் பட்டைக்குச் சொல்லிக்கீறேன். கப்பல்ல வரும். வரட்டும்."

பாய் குனிந்தார். கோணியை மறுபடி சுற்றிவைத்தார்.

அந்தக் கப்பல் சித்திரையில் வந்தது. நைனா போய்விட்டு வந்தார், கை வெறுமையாக இருந்தது. "அடுத்த டிரிப்புல பாக்கலாம்னான்" என்றார். அவர் உண்மையிலேயே யாரிடமாவது பட்டை கேட்டாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அப்போது நான் நம்பினேன். கப்பல்காரன்மேல் எனக்குக் கோபமாக வந்தது.

நைனாவுக்கு ஒரு தம்பி இருந்தார். நான் பிறப்பதற்கு முன்பே, தனக்குக் கல்யாணம் ஆகும் முன்பே, இதே நோயில் எங்கள் வீட்டுப் பின்கட்டு அறையில் இறந்துபோனார். நைனாதான் பக்கத்திலிருந்து ரத்தம் துடைத்தவர். இதையெல்லாம் நான் கல்யாணமாகிப் போன பிறகுதான் அத்தை சொன்னாள். அந்த அறைக்குள் நைனா ஏன் கால் வைப்பதே இல்லை என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. பட்டை தேய்ந்தது நிஜம், உடைந்தது நிஜம். அதன் பின்னால் போய் ஒளிந்துகொள்ள அவருக்கு இடம் கிடைத்தது. டாக்டர் பயமில்லை என்று சொல்லியும் அவர் பயந்தார். எனக்காகவும் பயந்தார். இதை அவர் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

கோடை விடுமுறை வந்தது. ஒருநாள் உச்சிவெயில். நான் வழக்கம்போல் வண்டிக்குள் இருந்தேன். சந்தில் ஜட்கா ஒன்று வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஒரு தகரப் பெட்டியோடு அம்மா இறங்கினாள். அதே சாம்பல் நிறச் சால்வை. தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷன் வரைக்கும் ரயில், அங்கிருந்து ஜட்கா. யாரிடமும் சொல்லாமல் தனியாக வந்துவிட்டாள்.

அத்தை வாசலுக்கு வந்தாள். வழியை மறித்தாள் என்று சொல்ல முடியாது. ஆனால் நகரவும் இல்லை.

"சொல்லி அனுப்பிச்சியா இன்னா?" என்றாள்.

"இல்ல அண்ணி. யாரும் வரல, நானே வந்துட்டேன்."

"அவன் இல்லியே. ஆர்பருக்குப் போயிருக்கான்."

அம்மா அத்தையின் முகத்தைப் பார்த்தாள். "வரட்டும். குந்திகினு இருக்கேன்" என்றாள். வாசலை விட்டு விலகி, பெட்டியை முருங்கைமரத்தடியில் வைத்துவிட்டு, கட்டைமேல் நின்ற காரின் கதவைத் திறந்தாள். அப்போதுதான் உள்ளே நான் இருப்பதைப் பார்த்தாள்.

அவளுக்கு மூச்சு வாங்கியது. "அந்தாண்ட நகந்து குந்து கண்ணு" என்றாள். நான் அந்தக் கோடிக்குப் போனேன். அவள் இந்தக் கோடியில் உட்கார்ந்து, சால்வையின் நுனியால் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மருந்து வாசனையும் வெங்காய வாசனையும் கலந்து வண்டி முழுக்க நிறைந்தது. டிரைவர் சீட்டுக்கு மேலிருந்த கண்ணாடியில் அவள் கண் தெரிந்தது. அவள் அதில் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாப்ட்டியா?"

"உம்."

"தலை யாரு வாரி வுடறாங்க?"

"அத்தை."

"நல்லா இறுக்கிப் பின்னிகீறாங்க." பிறகு, "வண்டி இன்னும் ரெடியாவலியா? பட்டை கப்பல்ல வரணும்னு நைனா சொன்னாரே" என்றாள்.

"பட்டை எப்பவோ வந்துட்ச்சேம்மா! திருவொட்டியூர்ல பண்ணது. நானும் போனேன். தாழ்வாரத்துல கீது" என்றேன். அவளுக்கு ஒரு நல்ல சேதி சொல்லும் உற்சாகத்தில் சொன்னேன்.

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணாடியில் அவள் கண் தெரியவில்லை.

நைனா வெயில் தாழத்தான் பாயோடு வந்தார். அத்தை கைகாட்டிய திசையில் வந்து, காரருகில் நின்றார். தொப்பியைக் கழற்றி மட்கார்டின்மேல் வைத்தார்.

"எப்டி வந்த? குலுக்கல் ஆவாதுன்னு..."

"பட்டை வந்துட்ச்சாமே" என்றாள் அம்மா.

நைனா என்னைப் பார்த்தார். பிறகு கீழே பார்த்தார். "அது மூட்ட ஏத்த ஆவாது. அதான்..."

"நான் இன்னா மூட்டையாங்க?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போன குரலில் கேட்டாள். நைனா பின்கட்டுப் பக்கம் பார்த்தார். "என் தம்பி அந்த ரூம்லதான்..." என்று ஆரம்பித்தார். அதற்குமேல் அவரால் சொல்ல முடியவில்லை. எனக்கு அது அப்போது புரியவில்லை.

"தெரியும்" என்றாள் அம்மா. "உங்களுக்குப் பயமா கீதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் ஒண்ணும் நெனச்சிருக்க மாட்டேன். மாசக்கணக்கா நான் அந்த வராந்தால வந்து நின்னுகினு இருந்தேன்." சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "எங்கண்ணன் வூட்ல கொண்டுபோய் வுட்டுடுங்க. காத்திவாக்கத்துல காத்தாவது நல்லா கீது. பாய், அந்தப் பட்டைய மாட்டுங்க."

பாய் நைனாவின் உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. அம்மாவை இறக்கி, மரத்தடியில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். அத்தை ஒரு டம்ளரில் காப்பி கொண்டுவந்து, அவள் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துவிட்டுப் போனாள். நைனா சட்டையைக்கூடக் கழற்றவில்லை. வெள்ளைச் சட்டையோடு வண்டிக்கு அடியில் படுத்து, பாய் மேலே நெம்பப் பட்டையைத் தாங்கிப் பிடித்தார். வெளியே வந்தபோது மார்பெல்லாம் கிரீஸ். சக்கரங்களை மாட்டி, கட்டைகளை உருவி, ஜாக்கியை இறக்கியபோது வண்டி ஒருமுறை மெல்ல அமுங்கி, மேலே எழும்பி நின்றது.

காத்திவாக்கம் வரைக்கும் நைனாவே ஓட்டினார். நான் முன் சீட்டில் உட்கார்ந்தேன். அம்மா பின்னால் தனியாக. தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் உப்பளம் வெளிறிக் கிடந்தது. வண்டி குலுங்கவே இல்லை. இருந்தாலும் நைனா ஒவ்வொரு பள்ளத்துக்கும் பிரேக் போட்டு, ஓரம் கட்டி, எருமைகளுக்கெல்லாம் வழிவிட்டு ஓட்டினார். மாமா உப்பளத்தில் மேஸ்திரி. வீடு ஏரிக்கரைப் பக்கம். அங்கே போய்ச் சேர்ந்தபோது அம்மா தூங்கிப்போயிருந்தாள். நைனா எஞ்சினை நிறுத்தவில்லை. சத்தம் நின்றால் விழித்துவிடுவாள் என்று அப்படியே ஓடவிட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளேயிருந்து மாமா ஓடிவந்தார். நைனா உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். அவர் கன்னம் ஈரமாக இருந்ததை நான் பார்த்தேன். வெளியே வலை உலர்த்திய மூங்கில்களின்மேல் கொக்குகள் உட்கார்ந்திருந்தன. அவள் தானாக விழிக்கும்வரைக்கும் மூன்று பேரும் அப்படியே காத்திருந்தோம்.

அந்தப் பட்டைகளை நைனா பிறகு மாற்றவே இல்லை. மூட்டைகள் கடைசிவரை கைவண்டியிலேயே போயின. சீமைப் பட்டையைப் பற்றி அதற்கப்புறம் யாரும் பேசவில்லை. ஞாயிறுதோறும் காத்திவாக்கம் போவோம். அம்மா சவுக்குமரத்தடியில் கட்டிலில் உட்கார்ந்திருப்பாள். நைனா எதிரே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கப்பல் கதைகள் சொல்லி அவளைச் சிரிக்கவைக்கப் பார்ப்பார். சில நாள் சிரிப்பாள். நான் இறால் பிடிக்கும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு தள்ளி நிற்பேன். கிட்டே போகக் கூடாது என்று எனக்கு யாரும் நினைவுபடுத்த வேண்டியிருக்கவில்லை.

அடுத்த வருஷம் மழைக்காலம் முடிந்த பிறகு டாக்டர் அம்மாவுக்கு முழுக்கக் குணம் என்று சொன்னார். நைனா பின்கட்டு அறைக்கு ஜன்னல் வைத்து, சுண்ணாம்பு அடித்து, ஒருநாள் காலையில் தானே போய் அவளை அழைத்துவந்தார். அத்தை வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றாள். அம்மா உடம்பு தேறி, வெயிலில் கறுத்து, யாரோ மாதிரி இருந்தாள். வாசற்படி ஏறியதும் நேராக என்னிடம் வந்து, இரண்டு கையாலும் என் முகத்தைப் பிடித்தாள்.

நான் பின்னால் நகர்ந்துவிட்டேன். வேண்டுமென்று இல்லை, கால் தானாக நகர்ந்தது. இரண்டு வருஷத்துக்கு மேல் அவள் இருக்கும் இடத்திலிருந்து தள்ளி நின்றே பழகிப்போயிருந்தது.

அம்மாவின் கைகள் கொஞ்ச நேரம் அந்தரத்திலேயே நின்றன. பிறகு இறங்கின. "நல்லா வளந்துட்ட" என்றாள். தகரப் பெட்டியைத் திறந்து, தன் புடவைகளை ஒவ்வொன்றாக உதறிக் கொடியில் போட ஆரம்பித்தாள். நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கிட்டே போக வேண்டும் என்று எனக்கு ஆசையாகத்தான் இருந்தது.